மிசினடியில் கேட்ட காது

மானிப்பாயில் அந்த டொக்டரின் அறைச் சுவரில் நாலைந்து படங்கள் தொங்கின. எல்லாரும் வெள்ளைக்காரர்கள். தாடியும் மீசையும் கழுத்துவரை பூட்டிய கோட்டுமாக முறைத்துக்கொண்டிருப்பார்கள். மாலையும் இல்லை பொட்டும் இல்லை, ஆனால் ஒருநாளும் தூசி படிந்திருக்காது. காதுநோ, தொண்டைநோ என்று வந்து கதிரையில் காத்திருக்கிற சனம் அவர்களைப் பார்த்துப் பார்த்து, இந்த மனுசியின் சொந்தக்காரர்தான் என்று முடிவுகட்டிவிடும். ஒருநாள் ஒரு தாய் கேட்டே விட்டாள்.

"டொக்டர், நடுவிலை இருக்கிறவர் உங்கடை அப்பாவோ?"

எங்கள் டொக்டர் நல்ல கறுப்பு. எங்கள் ஊர்ப்பக்கம் பிறந்தவர் எவரும் அந்தப் படங்களில் இல்லை என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் அவர் சிரிக்கவில்லை.

"இல்லைப் பிள்ளை. உவர் ஒரு பாட்டு வாத்தியார். தன்ரை குரல் எங்கையிருந்து வருகுது எண்டு பாக்க ஆசைப்பட்டவர். பல்லு டொக்டர்மார் வைச்சிருக்கிற சின்னக் கண்ணாடி ஒண்டை எடுத்து, வெய்யிலிலை நிண்டு, தன்ரை தொண்டைக்குள்ளை தானே பாத்தார். டொக்டர்மார் கனபேர் முயற்சி செய்து கைவிட்ட வேலை அது. பாட்டு வாத்தியார் பாத்துப்போட்டார்!"

இப்படித்தான் கதைப்பார். செத்து நூறு வருசம், இருநூறு வருசம் ஆனவர்களைப் பற்றி, அடுத்த ஒழுங்கையில் இருந்து நேற்றுத் தேத்தண்ணி குடிக்க வந்தவர்கள் மாதிரி. ஒருவரைக் கெட்டிக்காரன் என்பார், இன்னொருவருக்கு வாய்க்கொழுப்பு என்பார். இங்கிலாந்தில் கனகாலம் வேலைசெய்துவிட்டு, ஓய்வெடுக்கிற வயதில் ஊருக்குத் திரும்பி வந்தவர். ஓய்வு எங்கே எடுத்தார்! சேலைக்குக் கீழே றப்பர்ச் சப்பாத்து, நெற்றியில் பட்டி கட்டிய வட்டக் கண்ணாடி. ஊரில் அவரைக் கண்ணாடி டொக்டர் என்றுதான் சொல்வார்கள்.

அந்தப் பாட்டு வாத்தியாரின் வித்தையை அவர் செய்து காட்டியதை நான் என் கண்ணால் கண்டேன். கோயிலில் தேவாரம் பாடுகிற ஒருவர் வந்திருந்தார். குரல் கம்மிப்போய்விட்டது. தொண்டையில் புற்றுநோய்தான் என்று அவரே தீர்ப்பு எழுதி, வீட்டில் எல்லாரிடமும் விடைபெற ஆரம்பித்துவிட்டார். டொக்டர் பார்த்தார். கத்திப் பாடினதால் வந்த வீக்கம், வேறொன்றும் இல்லை என்றார். மனுசன் நம்பவில்லை. "நீங்கள் எனக்காக மறைக்கிறியள்," என்று அழுதார்.

"அப்ப நீங்களே பாருங்கோவன்," என்று அவரை முற்றத்து வெய்யிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார் டொக்டர். நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடியை விளக்கில் சூடாக்கி, தன் மணிக்கட்டில் தொட்டுப் பார்த்து, அவர் வாய்க்குள் வைத்தார். முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்றை அவர் கையில் கொடுத்தார். இரண்டு தரம் ஓங்காளித்தார் மனுசன். மூன்றாம் தரம் அப்படியே நின்றுவிட்டார்.

"இப்ப 'ஈ' எண்டு சொல்லுங்கோ."

"ஈ..."

காத்திருந்த நாங்கள் எல்லாரும் எழும்பி வந்து சுற்றி நின்றோம். அவருக்கு மட்டும்தான் தெரிந்தது. பால்வெள்ளையாய் இரண்டு நாடாக்கள் வந்து ஒன்றோடொன்று சேர்ந்ததாகப் பிறகு சொன்னார். "டொக்டர், இவ்வளவு சின்னதோ? இந்தச் சின்னச் சாமானோ இவ்வளவு காலமும் பாடினது?" என்று கேட்டார். நெற்றிக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, "ஓம், எனக்கும் ஒவ்வொரு நாளும் அதிசயம்தான்," என்றார் டொக்டர். உண்மையாகவே அவர் முகத்தில் அதிசயம் இருந்தது. எத்தனை ஆயிரம் தொண்டை பார்த்த மனுசி!

ஆனால் நான் சொல்ல வந்த குணம் இதுவல்ல. அவருக்கு ஒரு சொல் இருந்தது: "திருப்பிச் சொல்லும்." மற்ற டொக்டர்மார் "விசர்க்கதை கதையாதை" என்று சொல்கிற இடத்தில் அவர் அதைச் சொல்வார். சொல்லிவிட்டுக் கதிரையை இழுத்து முன்னால் வருவார்.

ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இருந்தார். கண்ணை உருட்டினால் தனக்குக் காதில் சத்தம் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் சொன்னதில் பிழையில்லை, கண்ணை உருட்டுகிற சத்தம்தான்! கதவுப் பிணைச்சல் மாதிரிக் கிறீச் என்று கேட்குமாம். வீட்டார் அவரை மனநோய் வைத்தியரிடம் கொண்டுபோய்க் குளிசையும் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் டொக்டர் "திருப்பிச் சொல்லும்" என்றார். பிறகு தலையைப் படம்பிடிக்க அனுப்பினார். காதுக்குள் சமநிலை பார்க்கிற வளையத்துக்கு மேலே எலும்பு மூடாமல் ஒரு சின்ன இடைவெளி. அதனால் உடம்புக்குள் நடக்கிறதெல்லாம் கேட்கும். "இதைக் கண்டுபிடிச்சுக் கனகாலம் இல்லை. அதுக்கு முந்தி இதைச் சொன்ன எல்லாருக்கும் விசர் எண்டுதான் சொல்லியிருப்பினம்," என்றாராம். தபாலதிபர் அந்தப் படத்தை உறையில் போட்டுக்கொண்டு வீடு வீடாய்ப் போய்க் காட்டினார்.

"நம்பக்கூடியதாச் சொன்னாத்தான் நான் சந்தேகப்படுவன்," என்று டொக்டர் சொல்வார். "பொய் சொல்லுற ஆள் நம்பக்கூடியதாத்தான் சொல்லும். இவ்வளவு விசித்திரமா உண்மைதான் வரும்."

என்னுடைய உண்மையும் அப்படித்தான் இருந்தது.

நான் பருத்தித்துறையில் பேக்கரி வைத்துப் பாண் சுடுகிற வீட்டில் பிறந்து, கோப்பாயில் வெங்காயம் செய்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். மகன் பிறந்த கையோடு காது மங்கத் தொடங்கியது. முதலில் கேட்காமல் போனது நுளம்பின் ரீங்காரம். பிறகு மழை. பிறகு மாமி குசினிக்குள் இருந்து கூப்பிடுவது. மாமி நல்லெண்ணெய்க்குள் உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சிக் காதுக்குள் விட்டா. கழுத்து வழிய எண்ணெய் ஓடினதுதான் மிச்சம். பிள்ளை வீரிட்டுக் கத்தினாலும் நான் அடுத்த அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருப்பேன். "பெத்த மனமோ இது?" என்று மாமி கேட்பா. அந்த வாயசைவு மட்டும் எனக்கு நல்லாய்த் தெரியும்.

செவிடு என்றாவது ஒப்புக்கொண்டார்களா? அதுவும் இல்லை. செவிடர் சத்தம்போட்டுக் கதைப்பார்கள், நான் மெல்லக் கதைத்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டரிடம் காட்டினோம். ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, காது துப்புரவாய் இருக்கிறது, சவ்வும் நல்லாய் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலே பஸ். பருத்தித்துறைக்கு அப்பாவைப் பார்க்கப் போகிறபோது, அந்தப் பழைய பஸ் கடகடவென்று நடுங்க, என் மனுசன் சொல்வதெல்லாம் எனக்கு அட்சரம் பிசகாமல் கேட்கும். வீட்டில் பேசாததெல்லாம் பேசுவோம். உண்மையைச் சொன்னால், பஸ்ஸில்தான் நாங்கள் குடும்பம் நடத்தினோம். கோப்பாயில் இறங்கினதும் கதவு சாத்தின மாதிரி எல்லாம் அடங்கிவிடும்.

"பஸ்ஸிலை வாய் ஓயாமல் கதைக்கிறாய், வீட்டை வந்தா ஏன் முகத்தைத் திருப்புறாய்?" என்று அவர் கேட்பார். அதையும் இரண்டு தரம் கேட்டால்தான் எனக்கு விளங்கும்.

கடைசியில் எல்லாம் மிசினடியில் வெடித்தது. தோட்டத்தில் இறைப்பு மிசின் ஓடிக்கொண்டிருந்தது. டீசல் மிசின், பக்கத்தில் நின்றால் நெஞ்சு அதிரும். நான் வாய்க்காலில் தண்ணீர் திருப்பிக்கொண்டு நின்றேன். மாமி பக்கத்து வளவு அக்காவுக்கு என்னைப் பற்றிக் கச்சேரி வைத்துக்கொண்டிருந்தா. செவிட்டுக்கு எங்கே கேட்கப்போகிறது என்ற தைரியம்.

"பாண்காரன் தன்ரை கருகின பாணை எங்கடை தலையிலை கட்டிப்போட்டான்!"

எனக்கு வந்த கொதியில் திரும்பிக் கேட்டேன்: "கருகின பாணை ஏன் மாமி ரெண்டு வருசமா வைச்சுத் தின்னுறியள்?"

மாமி அப்படியே நின்றா. பிறகு தொடங்கினா பாருங்கள். "பாத்தியளே பம்மாத்தை! அடி கோதாரி, குசினிக்கை நிண்டு கூப்பிட்டாக் கேக்காது, மிசினடியிலை நிண்டு கேக்குதோ? கள்ளச் செவிடு! பெத்த பிள்ளை கத்தக் கத்தப் பேசாமல் இருக்கிறவள் மனிசியோ?"

மிசினடியில் எனக்குக் கேட்டது உண்மை. குசினியில் கேட்காததும் உண்மை. எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது, நான் அறியாமலே நடிக்கிறேனோ என்று. அப்பாவுக்கு ஆள் போனது. வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகட்டும், பேரன் இங்கேதான் வளரவேண்டும் என்று மாமி சொல்லிவிட்டா. மகனுக்கு அப்போது ஒரு வயது. அவன் இல்லாமல் நான் அந்தப் பஸ்ஸில் ஏறுவதை நினைத்து, அவனை மடியைவிட்டு இறக்காமல் இருந்தேன். என் மனுசன் அங்கேயும் இங்கேயும் ஆடிவிட்டு, கடைசியாய் ஒரு பெரிய டொக்டர் சொல்லட்டும் என்று என்னை மானிப்பாய்க்குக் கொண்டுபோனார். பொய் என்று அவரும் சொன்னால் கதை முடிந்தது.

அறைக்குள் என் மனுசன்தான் எல்லாம் சொன்னார், பொலிஸில் முறைப்பாடு கொடுக்கிற மாதிரி. "சும்மா கூப்பிட்டாக் கேக்காதாம், டொக்டர். ஆனா பஸ்ஸிலை கேக்குது. மிசினடியிலை கேக்குது. ஆர் இதை நம்பிறது?"

டொக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். கண்கள் பளபளத்தன.

"திருப்பிச் சொல்லும். மிசினடியிலையோ?"

சத்தம் எழுப்புகிற இரும்புக் கவை ஒன்றைத் தட்டி என் காதுக்கு முன்னால் பிடித்தார். ஒன்றும் இல்லை. அதன் காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றினார். ஐயோ! கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகு நிற்கிற ரீங்காரம் மாதிரி மண்டை முழுக்க நிறைந்தது. நான் துள்ளி எழும்பிவிட்டேன். எவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு மெல்லிய சத்தம்!

"இந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிஞ்சு வாறன்," என்றார் டொக்டர். "எனக்கு அந்த மிசினைப் பாக்கவேணும்."

வேதக்கார மனுசி, தேவாலயத்தில் பூசை முடிந்து வெள்ளைச் சேலையோடு வெங்காயப் பாத்திக்குள் இறங்கி வந்தார். சப்பாத்து சேற்றில் புதைந்தது. மிசினை ஓடவிடச் சொன்னார். வாயசைவு தெரியாதபடி என்னை வேலியைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார். பிறகு மாமியிடம், "அம்மா, அண்டைக்கு என்ன சொன்னனீங்கள்? அதையே சொல்லுங்கோ," என்றார்.

"அது... சும்மா கோவத்திலை..."

"பறவாயில்லை, சொல்லுங்கோ. இது பரிசோதனை."

டொக்டர் சொன்னால் தட்ட முடியுமா? மாமி தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தினா. நான் வேலியைப் பார்த்தபடியே திருப்பிச் சொன்னேன்: "பாண்காரன் தன்ரை கருகின பாணை எங்கடை தலையிலை கட்டிப்போட்டான்." பக்கத்து வளவு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாவாம்.

"இப்ப மிசினை நிப்பாட்டுங்கோ. அம்மா, இப்ப சொல்லுங்கோ."

நான் காத்திருந்தேன். ஒரு சத்தமும் சிலமனும் இல்லை. கனநேரம் ஆன மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் மாமி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கிறா. அவ அந்தப் பாண் கதையைச் சொல்லவில்லை என்று பிறகு என் மனுசன் சொன்னார். "என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை," என்று மெல்லச் சொன்னாவாம். எனக்குக் கேட்கவில்லை. அவ அதை இரண்டாம் தரம் சொன்னதும் இல்லை, நான் கேட்டு வாங்கினதும் இல்லை.

டொக்டர் விளங்கப்படுத்தினார். காதுக்குள் அரிசிக் குறுணி அளவில் ஒரு எலும்பு இருக்கிறது, உடம்பிலேயே ஆகச் சின்ன எலும்பு. அது ஆடினால்தான் சத்தம் உள்ளே போகும். எனக்கு அது இறுகிவிட்டது. வெளியில் இருந்து ரோச் அடித்தால் தெரியாது. பிள்ளைப்பேற்றோடு சில பெண்களுக்கு அது கூடும். என் குரல் எனக்கு எலும்பு வழியாய்ப் பலமாய்க் கேட்பதால் மெல்லக் கதைக்கிறேன்.

"மிசின் ஓடேக்கை நீங்கள் எல்லாரும் கத்திறியள். உங்களுக்கு மிசின் இரைச்சல். இவவுக்கு மிசின் கேக்கிறது குறைவு, உங்கடை கத்தல் மட்டும் வடிவாக் கேக்கும். அவ்வளவுதான்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் கேட்கும்படி பலத்துச் சொன்னார். "உம்மை மாதிரி ஒருத்தி முந்நூறு வருசத்துக்கு முந்தி இருந்தவ, பிள்ளை. சீமையிலை. மேளம் அடிச்சாத்தான் அவவுக்குக் காது கேக்கும். புருசன் மேளம் அடிக்கவெண்டே வீட்டிலை ஒரு வேலையாளை வைச்சிருந்தவர், அவவோடை கதைக்கிறதுக்கு. ஒரு டொக்டர் அதைப் புத்தகத்திலை எழுதி வைச்சவர். எனக்கும் படிக்கேக்கை நம்பேலாமல்தான் இருந்தது. இண்டைக்குத்தான் அவவைக் கண்டன்."

கோப்பாயில் வெங்காயப் பாத்திக்குள் கள்ளி என்று பேர் வாங்கி நிற்கிற எனக்கு, முந்நூறு வருசத்துக்கு அப்பால் இருந்து ஒருத்தி சாட்சி சொல்ல வந்திருக்கிறாள்! அன்றோடு அப்பாவை வரவேண்டாம் என்று மாமியே சொல்லி அனுப்பினா.

முதலில் ஒரு காதில் எலும்பை மாற்றலாம் என்றார் டொக்டர். சரிவராவிட்டால் அந்தக் காது முழுதாய்ப் போகவும் கூடும் என்றும் மறைக்காமல் சொன்னார். இந்தச் சத்திரசிகிச்சையை ஒருகாலத்தில் பெரிய ஆட்கள் சேர்ந்து வேண்டாம் என்று தள்ளிவிட்டார்களாம். கனகாலம் யாரும் அதைத் தொடவில்லை. பிறகு ஒருவர் வேறொன்றுக்காக அந்த எலும்பைத் தட்டிப் பார்க்கும்போது, மேசையில் கிடந்த நோயாளி, "எனக்குக் கேக்குது" என்று சொல்லிவிட்டாராம். "கண்டுபிடிச்சது டொக்டர் எண்டு எழுதியிருக்கு. எனக்கெண்டா, சொன்ன ஆளுக்கும் பங்கு இருக்கு," என்றார்.

சத்திரசிகிச்சை மேசையில் எனக்கு மயக்க மருந்து தரவில்லை, காதைச் சுற்றி விறைக்க மட்டும் ஊசி போட்டார்கள். முதலே சொல்லிவைத்தார்: "கடைசியிலை நான் மெல்லமா ஒண்டு சொல்லுவன். கேட்டாச் சொல்லும். கேக்காட்டிச் சும்மா இரும். என்னைச் சந்தோசப்படுத்தப் பொய் சொல்லாதையும்." துணிக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். இந்தக் காது போனால் பஸ்ஸும் போய்விடும், மிசினடியும் போய்விடும் என்று மனம் அடித்துக்கொண்டது. திடீரென்று ஏதோ தட்டில் ஏதோ விழுந்து கிணுங் என்றது. பிறகு, காதுக்குப் பக்கத்தில், மூச்சு மாதிரி ஒரு குரல்.

"கருகின பாண்."

நான் சிரித்துவிட்டேன். "சிரியாதையும், ஆடாதையும்!" என்று டொக்டர் பதறினார். அதுவும் கேட்டது. சிரிப்பு அழுகையாகி, கண்ணீர் வழிந்து மற்றக் காதுக்குள் போனது.

காதுக்குள் வைத்த பஞ்சை எடுத்த அன்று ஊருக்குத் திரும்பினோம். பஸ்ஸில் ஏறியிருந்ததும் என் மனுசன் வழக்கம்போலக் கதைக்கத் தொடங்கினார். வாய் அசைகிறது. சத்தம் வரவில்லை. பஸ்தான் உறுமுகிறது, தகரம் அடிபடுகிறது, யன்னல் கடகடக்கிறது. இந்தப் பஸ் இவ்வளவு இரைச்சலா! அவருடைய ஒரு சொல்லையும் பிடிக்க முடியவில்லை. நான் அழத் தொடங்கினேன். சத்திரசிகிச்சை பிழைத்துவிட்டது என்று அவருக்கும் முகம் வெளிறிப்போனது. கோப்பாயில் இறங்கி ஒழுங்கைக்குள் நடக்கும்போதுதான் அவர் சப்பாத்துக்குக் கீழே மணல் நெரிவது எனக்குக் கேட்டது. வீட்டுக்குள் இருந்து மகன் ஏதோ மழலையில் புலம்புவது கேட்டது. ஓடினேன்.

அடுத்த முறை டொக்டரிடம் போனபோது வெட்கத்தோடு சொன்னேன். காது வந்தது சந்தோசம்தான். ஆனால் பஸ் போய்விட்டது. மற்றவர் யாரும் என்றால் நன்றி கெட்டவள் என்றிருப்பார்கள். இவர் நெற்றிக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"திருப்பிச் சொல்லும்."

சொன்னேன். "அந்தப் புத்தகத்திலை புருசனைப் பற்றி இருக்கு, வேலையாளைப் பற்றி இருக்கு, மேளத்தைப் பற்றி இருக்கு. அவவுக்கு அது எப்பிடி இருந்தது எண்டு ஒரு வரி இல்லை. மேளம் அடிக்கிற நேரம் அவவுக்கு எவ்வளவு சந்தோசமா இருந்திருக்கும் எண்டு நான் ஒருநாளும் யோசிக்கேல்லை, பிள்ளை," என்றார். பிறகு படித்த டொக்டர்மார் கூடுகிற இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், முன்னால் கதிரை போட்டு இருத்தி, பஸ் கதையை என் வாயாலேயே சொல்லவைத்தார். அவர் பின்வரிசையில் போய் இருந்து, முதல்முறை கேட்கிற மாதிரி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

போன வருசம், பருத்தித்துறையில் இருந்து திரும்பி வரும்போது, பஸ்ஸில் என் மனுசனுக்குப் போன் வந்தது. கேட்டு முடித்துவிட்டு என்னிடம் ஏதோ சொன்னார். இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. "திருப்பிச் சொல்லுங்கோ," என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு சொல்கிறேன் என்று கையால் காட்டினார். கோப்பாயில் இறங்கினோம். பஸ் போய் மறைந்தது. ஒழுங்கையில் ஒரு சத்தமும் இல்லை.

"கண்ணாடி டொக்டர் காலமாகிட்டாவாம்," என்றார், மெல்ல, மூச்சு மாதிரி.

கேட்டது. ஒரு சொல்லும் தவறாமல் கேட்டது. ஆனாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "திருப்பிச் சொல்லுங்கோ," என்றேன்.